காணாமல் போன முத்துநிற நூல்

வூச் நகரம்,
செவ்வாய்க்கிழமை

மிகுந்த அன்புக்குரிய ஹோனோராத்தா அத்தைக்கு, மருமகள் போக்னா எழுதுவது.

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். குழந்தை நேலா இப்போதுதான் தூங்கினாள். உங்கள் மகன் மிரேக் அவளுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். மூவரும் நலம். நீங்களும் கோபத்தோடாவது ராதோமுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களாம். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

ஞானஸ்நான விருந்தில் அத்தனை பேர் முன்னால் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் காணாமல் போனது சாதாரண நூல் இல்லை, அத்தை. பாலியெஸ்டரை உருக்கி, அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே விறைப்பான துண்டுகளைச் செருகி நான் செய்தது. "இளைக்கணும்னு வினிகர் குடிக்கிறியாடி? தாய்ப்பால் புளிச்சிடும்!" என்று திட்டினீர்களே, அந்த வாடை இந்த வேலையில் கிளம்புவதுதான். விறைப்பான துண்டுகள் உருகிய பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே திசை பார்த்து வரிசையில் நிற்கும். திரவப் படிகம் என்பது அதுதான். என் போதாத காலம், அவை தனியாகக் கூட்டம் சேர்ந்துகொள்ள, இளகிய பாலியெஸ்டர் இன்னொரு பக்கம் ஒதுங்கிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே சட்டிக்குள் இரண்டு குடித்தனம். பேராசிரியர் வித்கோவ்ஸ்கி, "போக்னா, இது நூல் இல்லம்மா, விவாகரத்து. இழுத்தா அறுந்துடும்" என்றார். "அறாது சார். தனித்தனியா நின்னாலும் ரெண்டும் ஒரே சங்கிலியிலதான் கட்டியிருக்கு. எங்க அத்தையும் நானும் மாதிரி" என்று வாயை விட்டுவிட்டேன். வருகிற வாரம் வெள்ளிக்கிழமை எந்திரத்தில் மாட்டி இழுத்துக் காட்ட வேண்டும். அறுந்தால் என் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

ஆய்வுக்கூடத்தில் தொலைந்துவிடும் என்று பயந்து, இருந்த ஒரே முத்துநிற நூல்கண்டை வீட்டுத் தையல் பெட்டியில் வைத்தேன். விருந்தன்று பார்த்தால் காணோம். அந்த நேரம் பார்த்து, நூல் கட்டிய உங்கள் இறைச்சிச் சுருள் மேசைக்கு வருகிறது. கஸ்பர் மாமா நூலைக் கடித்து இழுக்க, பொய்ப்பல் நூலோடு தட்டில் விழுந்தது. "ஐயோ, என் நூல்!" என்று நான் அலற, "அது கடைப் பருத்தி நூல்டி. என் பேத்தி விருந்துல உன் பிளாஸ்டிக்கப் போடுவேனா?" என்று நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். இன்று அந்த நூல் துண்டைக் கழுவிக் கொளுத்திப் பார்த்தேன். உருகவில்லை, காகிதம்போல் எரிந்தது. பருத்தியேதான்.

நீங்கள் நிரபராதி, அத்தை. என் பொருளைத் தொடுகிறவரா நீங்கள்! கண் படாமலிருக்க நீங்கள் குழந்தை வண்டியில் கட்டிய சிவப்பு ரிப்பனை ஒவ்வொரு முறையும் அவிழ்த்தெறிந்தேனே, அதற்கும் சேர்த்து மன்னியுங்கள். நான் பாடினால் நேலா அழுகிறாள். மிரேக் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். வந்துவிடுங்கள்.

உங்கள் மூட்டுவலி குறையவும் வெள்ளரிக்காய் ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காதிருக்கவும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் போக்னா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது நேலா சிணுங்கினாள், வண்டியில் போட்டு ஆட்டினேன். கூரைத் துணியின் உட்பக்கம் புதிதாக ஒரு சிவப்பு ரிப்பன், நான் அவிழ்க்க முடியாதபடி முத்துநிற நூலால் தைத்திருக்கிறது! அத்தை! நீங்களேதான்! மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இழுத்துப் பார்த்தேன். மிரேக்கை எழுப்பி இழுக்கச் சொன்னேன். வண்டிதான் நகர்ந்தது, நூல் அறவில்லை. ரிப்பன் அங்கேயே இருக்கட்டும், நான் தொட மாட்டேன். மிச்ச நூல்கண்டை எங்கே வைத்தீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.