தங்க அட்டைக்காரர் வாங்கிய சீனிச் சம்பல்

வருடாவருடம் காசு கட்டி எடுக்கிற சுப்பர்மார்க்கட் உறுப்பினர் அட்டை பிரயோசனமானதா என்று யாராவது கேட்டால், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என்னைக் கைகாட்டி விடுவார்கள். நானும் நேர்மையாகவே பதில் சொல்வேன். தேவையான சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வரக்கூடிய ஆளுக்கு அது நல்ல பிரயோசனம். கட்டின காசு சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும், என் மனைவி. (அவ அட்டை எடுக்கவில்லை.)

எடுத்தது நான். திருகோணமலை நகரத்துக்குள் அந்தக் கடை புதிதாகத் திறந்த வருடம், வாசலில் மேசை போட்டு இருந்த பிள்ளை "சேர், சாதாரண அட்டை இலவசம், தங்க அட்டைக்கு மட்டும் வருடக் கட்டணம்" என்றாள். இலவச அட்டையை நீட்டுகிற ஆள் போலவா நான் இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு ரோசம். கட்டினேன். அதன்பிறகு என் சட்டைப்பையில் அடையாள அட்டைக்கு முன்னால் அதுதான் இருந்தது. காசாளர் "கோல்ட் மெம்பரா சேர்?" என்று கேட்கும்போது வரிசையில் நிற்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் ஒரு தீப்பெட்டி வாங்கவும் அங்கே போயிருக்கிறேன்.

கட்டின காசை மீட்கவேண்டும் என்ற வெறியில் நான் வாங்கிக் குவித்தவற்றைச் சொன்னால் வெட்கம். கழிவறை கழுவும் திராவகம் ஒன்பது போத்தல். உறுப்பினர் விலை என்றபடியால் பூனைச் சாப்பாடு ஒரு மூட்டை. எங்களிடம் பூனை இல்லை. (இப்போது இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை மணம் பிடித்து வந்து எங்கள் குசினியோடு நிரந்தரமாகிவிட்டது.) "நீங்கள் மிச்சம் பிடிக்கிற வேகத்தில வீட்டை விக்கவேண்டி வரும்" என்றாள் மனைவி. நான் மஞ்சள் நிற விலைச்சீட்டுகளைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் வாசிக்காத காலம் அது.

இதில் கேவலம் என்னவென்றால், வாசிப்பதுதான் என் தொழில். துறைமுகத்துக்குள் ஒரு கம்பனியின் களஞ்சியத்துக்கு நான் பொறுப்பு. வருகிற ஒவ்வொரு பெட்டியின் லேபலையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பேன். ஒரு இலக்கம் பிழைத்திருந்தாலும் பெட்டி வந்த வழியே போகும். என்னோடு வேலை செய்கிற கிண்ணியா ரபீக், "மச்சான் கண்ணில எறும்பும் தப்பாது" என்று புதிதாக வருகிறவர்களைப் பயப்படுத்தி வைப்பான்.

அந்த வருடம் அத்தான் செத்துப்போனார். என் ஒரே அக்கா யோகத்தின் புருசன். இருபது வருடமாகப் புல்மோட்டை பஸ் ஓட்டினவர். விடிய முதல் பஸ்ஸுக்குப் போகும்போது அக்கா பாணும், சின்ன வெங்காயம் வதக்கிக் கிண்டின சீனிச் சம்பலும் கட்டிக் கொடுப்பா. நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் நாலாம் நாள் பெட்டியில் வந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாமான் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு எடுத்தேன். லிங்கநகரில் அக்கா வீட்டுக் கதிரையில் இருந்து, அவ சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியாகச் சொன்னா:

"மற்றதெல்லாம் நீ பாத்து வாங்கு தம்பி. சின்ன வெங்காயம் மட்டும் நல்லதாப் பாத்து அஞ்சு கிலோ வேணும். ஆஸ்பத்திரியில வைச்சு அவர் சீனிச் சம்பல் கேட்டவர். சுகமாகி வீட்ட வாங்கோ, செய்து தாறன் எண்டு சொன்னனான். படையல் இலையில நான் கிண்டின சம்பல் வைக்கவேணும்."

"ஓம் அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றேன். காது கேட்டது. மூளை வேறு கணக்கில் இருந்தது. அந்தியேட்டி வியாழக்கிழமை. தங்க அட்டைக்குப் பொயின்ட்ஸ் இரட்டிப்பாகக் கிடைப்பது புதன்கிழமை. அறுபது பேருக்கான சாமானுக்கு எவ்வளவு பொயின்ட்ஸ் விழும் என்று நினைக்கவே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (செத்தவீட்டுச் சாமானில் பொயின்ட்ஸ் சேர்க்கிற மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

ஞாயிற்றுக்கிழமையே போகச் சொல்லி மனைவி ஆய்க்கினை. நான் புதன்கிழமைக்காகக் காத்திருந்தேன். புதன் பின்னேரம் மனைவியோடு போனால், சின்ன வெங்காயம் வாடி வதங்கிக் கிடந்தது. அதற்கு உறுப்பினர் விலையும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிர்த் தட்டில் சீனிச் சம்பல், போத்தல் போத்தலாக. இரண்டு எடுத்தால் மூன்றாவது சும்மா, தங்க அட்டைக்கு மட்டும். நான் பதினெட்டுப் போத்தல் எடுத்தேன்.

"அக்கா வெங்காயமெல்லே கேட்டவ?" என்றாள் மனைவி.

"சம்பலுக்குத்தானே கேட்டவ. சம்பலே வந்திட்டுது" என்றேன். இவ்வளவு தெளிவான மூளை நமக்கு எப்படி வாய்த்தது என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அக்கா வீட்டில் போத்தல்களை வரிசையாக அடுக்கினேன். அவ சாமான் பைகளை ஒவ்வொன்றாகக் கிளறிவிட்டு, "வெங்காயம் எங்க தம்பி?" என்று கேட்டா.

"உதுக்கு இனி மினக்கெடத் தேவையில்லை அக்கா. ரெண்டு மணித்தியால வேலை மிச்சம்."

ஒரு போத்தலைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தா. வீடு நிறைய வந்திருந்த சனம் தேத்தண்ணிக்குக் காத்திருந்தது. "சரி, வாங்கினது வாங்கினாச்சு. வை" என்றா. அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடற்கரையில் கிரியை முடித்து, வீட்டில் ஐயர் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். அத்தானின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு அக்கா படைத்தா. முப்பத்தொரு நாளாக மீன் வாடை இல்லாத வீடு. கண்ணை மூடிக்கொண்டு அவ நெடுநேரம் நின்றா. பிறகு பந்தி.

முதல் பந்தியில் பெரியப்பா இருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், பிறந்ததிலிருந்து மச்சம் தொடாதவர். மீன் சமைத்த சட்டியை வீட்டு வாசலுக்குள் கொண்டுவர விடமாட்டார். அவர் சம்பலை மூன்று தரம் கேட்டு வாங்கினார். "யோகம், நல்ல பதம் பிள்ளை, இன்னும் கொஞ்சம் வை" என்றார். "அது தம்பி வாங்கினது" என்றா அக்கா. நான் கூச்சப்படுவதுபோல நடித்துக்கொண்டு பெரியப்பாவின் இலையில் இன்னொரு அகப்பை வைத்தேன்.

பெரியப்பாவுக்குப் பக்கத்தில் ரபீக் இருந்தான். நல்ல மனம் கொண்டவன், சாப்பாட்டைப் புகழாமல் எழும்பமாட்டான். "மச்சான், சம்பல் சொல்லி வேலையில்லை" என்றான், பந்திக்கே கேட்கும்படி. "மாசியை அள்ளிப் போட்டிருக்காங்க. எங்கட வீட்டிலயும் இப்பிடிப் போடமாட்டாங்க."

(மாசி தெரியாதவர்களுக்கு: அவித்து, காயவைத்து, விறகுக் கட்டைபோல இறுகிய சூரை மீன். இடித்துப் போட்டால் சம்பலின் ருசியே வேறு.)

பந்தி அப்படியே நின்றது. பெரியப்பாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ரபீக் என் முகத்தைப் பார்த்துத் தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, "மாசி மாதிரி... ஒரு இது" என்று சமாளித்தான். நான் குசினிக்கு ஓடினேன். குப்பை வாளியில் கிடந்த போத்தலை எடுத்துத் திருப்பினேன். வெங்காயம், சீனி, மாசி. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. மூன்று மொழியும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

திரும்பி வந்தபோது பெரியப்பா கிணற்றடியில் நின்றார். அவர் வாய் கொப்பளித்த சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் ஐயருக்கு ஃபோன் எடுத்து, என்ன பரிகாரம் என்று கேட்டேன். "தெரியாமல் நடந்தது, தோசமில்லை. ஒரு விளக்கேத்திக் கும்பிடுங்கோ. இனி வாசிச்சு வாங்குங்கோ" என்றார் அவர்.

அக்கா படத்துக்கு முன்னால் குந்தி, அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனா. நிலத்தைத் துடைத்தா. புது இலை போட்டு, சோறும் பருப்பும் மற்றக் கறிகளும் திரும்ப வைத்தா. சம்பல் வைக்கிற இடத்தை வெறுமையாக விட்டா. சந்தைக்கு ஓடி வெங்காயம் வாங்கி வருகிறேன் என்று நான் கெஞ்சினேன். "ஆக்கள் பசியோட இருக்கினம் தம்பி, வேண்டாம்" என்றா.

சில மாதம் கழித்து, துணிவு வந்து, அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாசி வாங்கினது என் பிழை என்று தொடங்கினேன். "மாசிக் கதையை நான் எப்பவோ விட்டிட்டன்" என்றா. "அவருக்கும் மாசிச் சம்பல்தான் விருப்பம். நான் செய்து தாறன் எண்டு அவருக்குச் சொன்னனான் தம்பி. அதுதான்." பிறகு எழும்பி உடுப்புக் காயப்போடப் போனா. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. திவசத்துக்குத் திவசம் அவ இப்போது சம்பல் கிண்டுகிறா. வெங்காயம் வாங்கத் தானே சந்தைக்குப் போகிறா. ஆனால் முதல் இலை முதல் இலைதான்.

அட்டையை நான் புதுப்பிக்கவில்லை. "அன்பான தங்க உறுப்பினரே" என்று இன்றைக்கும் குறுஞ்செய்தி வருகிறது. அன்று சேர்ந்த பொயின்ட்ஸை எடுக்கப் போகவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தக் கொண்டாட்டத்திலும் நான் சாப்பாட்டுத் தட்டோடு நடந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: "தம்பி, இதுக்கு எத்தனை பொயின்ட்ஸ்?" அத்தானின் தம்பி கேட்பார், சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள், ரபீக் களஞ்சியத்தில் வைத்தும் கேட்பான். கோபம் ஆறின பிறகு பெரியப்பாவே ஒரு கலியாண வீட்டில் கேட்டார். சபை சிரிக்கும், நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் இன்றுவரைக்கும் கேட்டதில்லை.