எங்கள் குடியிருப்பில் பன்றிக் காய்ச்சல் தோற்ற கதை

என் அன்புக்கும் ஆசிக்கும் என்றும் உரிய தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று கை பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகிற முதல் வரியை இம்முறை நிறுத்தி, நிதானமாக, அடிக்கோடு போட்டு எழுதுகிறேன். நலம்! எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பில் இன்றைய தேதியில் ஒரு தும்மல்கூட இல்லை. இந்த நிலையை எய்துவதற்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் பட்ட பாட்டை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஆகவே சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் ட்ரில் மாஸ்டர் குடியிருக்கிறார் அல்லவா, விசில் ஊதியே பெண்டாட்டியிடம் காப்பி கேட்பவர், அவர் ஒருநாள் விசில் ஊதத் தெம்பில்லாமல் பள்ளியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. பரிசோதனை செய்ததில் பன்றிக் காய்ச்சல் என்று வந்துவிட்டது. மாத்திரை கொடுத்து, வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். நம் வீட்டிலோ என் மகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போனவர் இன்னும் கரை சேரவில்லை. கர்ப்பிணிகளுக்கு இது வந்தால் மூச்சு முட்டும் அளவுக்குப் போய்விடும், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவளுடைய டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே கார் ஷெட்டில் சங்கக் கூட்டத்தைக் கூட்டினேன். கீழ்த்தளத்து டெய்லர் எடுத்த எடுப்பில், “நம்ம தெருவுல பன்னியே கிடையாதே சார், அப்புறம் எப்படி வரும்?” என்றார். “பன்னி வந்து தரவேண்டாம்யா, மனுஷனே மனுஷனுக்குத் தருவான், மூஞ்சிக்கு நேரா ஒரு தும்மல் போட்டா போதும்” என்றேன். இரண்டாம் மாடி வக்கீல் எழுந்தார். “முதல்ல அந்தக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லாட்டி நோட்டீஸ் விடுவேன்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்த உன் அண்ணன் மகள், “வக்கீல் அங்கிள், நாளைக்கு எனக்கு வந்தா என்னையும் காலி பண்ணச் சொல்வீங்களா?” என்று கேட்டாள். வக்கீல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மகள்டா அவள்!

அடுத்த நாளே வேலையில் இறங்கிவிட்டேன். மாடிப்படி அடியில் குழாய் வைத்த பெரிய டிரம் ஒன்றை நிறுத்தி, பக்கத்தில் சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கை கழுவாமல் படி ஏறக் கூடாது என்று சட்டம் போட்டேன். முதல் சோப்பைக் காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது சோப்பு என்ன ஆனதென்று காக்காவுக்கும் தெரியாது. மூன்றாவதை வலைப்பைக்குள்ள போட்டுக் கட்டிட்டு, டிரம்முக்குத் தண்ணியைத் திறந்துவிட்டு, முழங்கையை மடக்கி அதுக்குள்ள எப்படி இருமணும்னு டெய்லருக்குச் செஞ்சு காட்டிக்கிட்டிருந்தேனா, பேச்சு சுவாரசியத்துல தண்ணியை மறந்துட்டேன். டிரம் நிரம்பி, வழிஞ்சு, சோப்புத் தண்ணியாப் படி முழுக்கப் பரவினப்போ, கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு மிடுக்கா இறங்கி வந்தார் வக்கீல். கடைசி நாலு படியை அவர் காலால இறங்கலை. உட்கார்ந்த நிலையிலேயே என் காலடிக்கு வந்து சேர்ந்தார். “செகரட்டரி, உம்ம மேல கேஸ் போடாம விடமாட்டேன்” என்றார். “போடுங்க, ஆனா முதல்ல கை கழுவுங்க, தரையைத் தொட்டுட்டீங்க” என்றேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?

இதுக்கு நடுவுல மாஸ்டர் வீட்டுக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? அவர் சம்சாரத்துக்கும் லேசாச் சூடு வந்துடுச்சு, எழுந்து சமைக்கத் தெம்பில்லை. உன் அண்ணி சூப் வெச்சாள். நான் ஒரு வாளியில கயித்தைக் கட்டி, மொட்டை மாடியிலிருந்து அவங்க பால்கனிக்கு இறக்கிவிட்டேன். மூணாம் மாடியில நிறுத்தவேண்டிய வாளி என் கைநழுவி ரெண்டாம் மாடிக்குப் போய் வக்கீல் ஜன்னல் கம்பியில மாட்டிக்கிச்சு. இழுத்தா வரலை, குலுக்கினாலும் வரலை. கொஞ்ச நேரத்துல தானா லேசாகி மேல வந்தது. எட்டிப் பார்த்தா பாத்திரம் வழிச்சு நக்கின மாதிரி காலி! இடுப்பு வலியோட படுத்திருந்த மனுஷன், நான் சமாதானம் பேச அனுப்பின சூப்புன்னு நெனச்சு மொத்தத்தையும் குடிச்சிருக்கார். அன்னிக்குச் சாயங்காலம் கதவைத் தட்டி, “கேஸை வாபஸ் வாங்கிட்டேன் சார். சூப்புல மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல்” என்றார். அது மாஸ்டருக்கு வெச்ச சூப்புன்னு உன் அண்ணி போட்டு உடைச்சிட்டா. வக்கீலுக்கு முகம் சுருங்கிப்போச்சு. மறுநாள்ல இருந்து அந்த வாளியைப் பிடிச்சு இறக்கினது அவர்தான்னா நம்புவியா? டெய்லர் வீட்டு வெட்டுத் துணியெல்லாம் மாஸ்க்கா மாறிச்சு. அவர் தைக்க, வக்கீல் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்து, “மூக்கையும் சேர்த்து மூடணும், தாடைக்குப் போடற கோவணம் இல்லை இது” என்று வாதாடிட்டு வந்தார்.

கடைசியா வந்தது தடுப்பூசி. சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஐஸ் பெட்டியோட நம்ம கார் ஷெட்டுக்கே வந்துட்டாங்க. ஆனா ஒருத்தனும் இறங்கி வரலை. ஊசி போட்டா பன்னிக்கு மாதிரி மூக்கு நீளும்னு நாலாம் மாடியில யாரோ கிளப்பிவிட்டிருக்கான். நர்ஸம்மா பெட்டியை மூடப்போனாங்க. விடுவேனா? சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு, “முதல் ஊசி செகரட்டரிக்கு!” என்று மாடி எல்லாம் கேட்கிற மாதிரி முழங்கிட்டுப் பெஞ்சுல உட்கார்ந்தேன். அந்தம்மாவுக்கு என்ன லேசான கை தெரியுமா, ஊசி இறங்கினதே எனக்குத் தெரியலை! மனசை ஒருமுகப்படுத்திக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தேன். திறந்து பார்த்தால், தம்பி, கண்கொள்ளாக் காட்சி! மாஸ்டர் வீட்டைத் தவிர மொத்தக் குடியிருப்பும் என்னைச் சுத்தி நிக்குது. நாலாம் மாடிக்காரன் உள்பட ஒவ்வொருத்தனும் தோளைத் தடவிக்கிட்டு நிக்கிறான். எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு! ஒருத்தன் முன்னால நின்னு வழிகாட்டினா ஊரே பின்னால வரும்கிறதை அன்னிக்குக் கண்ணால பார்த்தேன். எனக்கு மட்டும் அந்த இடத்துல ரெண்டு நாள் வலி இருந்தது. தைலம் தேய்ச்சேன், சரியாப் போச்சு.

முடிவைக் கேள். மாஸ்டரும் அவர் மனைவியும் தேறி, டாக்டர் வெளியே வரலாம் என்று சொன்ன காலையில் மனுஷன் பால்கனியில் நின்று ஒரு விசில் ஊதினார் பார், கீழே கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நுரையோடு கை தட்டினார்கள். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சோப்பு பட்டுவிட்டதாம். மாஸ்டர் வீட்டாரைத் தவிர எங்கள் குடியிருப்பில் வேறு யாரையும் அந்தக் காய்ச்சல் தொடவில்லை. போன வாரம் உன் அண்ணன் மகளுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு மேல் எடை, ஏழு வீட்டுக்குக் கேட்கும் குரல். தாயும் சேயும் நலம். நாம் ஜெயித்துவிட்டோம்டா!

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உடம்பு சூடாக இருந்தால் வீட்டோடு இரு, இருமினால் முழங்கைக்குள் இருமு, வெளியே போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவு. தடுப்பூசிக்குப் பயப்படாதே. அண்ணனை நினைத்துக்கொண்டு கையை நீட்டு, வலிக்காது.

எல்லா நலனும் உன் வீட்டில் தங்க வாழ்த்தும்,
உன் அண்ணன்,
செயலாளர், குடியிருப்போர் சங்கம்.

பின்குறிப்பு: தம்பி, இது அண்ணி எழுதறேன். கவர் ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்திருக்கார். முதல் ஊசி போட்டுக்கிட்டது உங்க அண்ணன் இல்லை, நம்ம பொண்ணு. நர்ஸம்மா பஞ்சை எடுத்ததுமே இவர் பெஞ்சிலிருந்து சரிஞ்சு விழுந்துட்டார். செகரட்டரி போயிட்டார்னு யாரோ கத்தவும் நாலு மாடியும் அலறிக்கிட்டு இறங்கி வந்துடுச்சு. நர்ஸம்மா கெட்டிக்காரி. “அவருக்கு ஒண்ணும் இல்லை, மயக்கம்தான். வந்ததுதான் வந்தீங்க, வரிசையில நில்லுங்க” என்று ஷெட் கதவைச் சாத்திட்டாங்க. பிள்ளைத்தாச்சியே பயப்படாமப் போட்டுக்கிட்டாளேன்னு எல்லாரும் கையை நீட்டினாங்க. இவர் எழுந்திரிக்கறதுக்குள்ள பெட்டியில மருந்து தீர்ந்துபோச்சு. அந்த வலி விழுந்து அடிபட்ட வலி. மாஸ்டர் வீட்டை விட்டா, இந்தக் குடியிருப்பிலேயே ஊசி போட்டுக்காத ஒரே ஆள் செகரட்டரிதான். அவர் பூரிச்சுப்போய்த் திரியறதைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரலை. ஊசி போடற வரைக்கும் பச்சைக் குழந்தையை அவர் கையில கொடுக்காம ஏதேதோ சாக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை நர்ஸம்மா புது மருந்தோட வர்றாங்க. வக்கீல் ஒரு கையைப் பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார், மாஸ்டர் காலை. இன்னொரு கைக்கு நீங்க கட்டாயம் வந்துடுங்க.