இவர்தான் அவர் என்று ஒரு கையெழுத்து

குடியேறிய நாட்டின் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பூட்டு ஒரு சபதம் எடுத்தார்.

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் இந்தக் காகிதம் நம்ம வீட்டு வாசலைத் தாண்டாது!"

பூட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கிடங்கில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. மனிதர் அங்கே ஸ்டோர்கீப்பர். கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடமாட்டார். முதலாளி ஒருநாள் அவசரத்துக்கு டார்ச் லைட் கேட்டபோது, "முதல்ல கையெழுத்து, அப்புறம் வெளிச்சம்" என்று சொன்னவர். அவர் கையில் இரண்டு சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன, தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. சும்மா இருப்பாரா? பிளாஸ்டிக் உறையில் போட்டார். உறையைத் தோல் பையில் போட்டார். பையை பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினார். லாக்கர் சாவியை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இழுப்பறைச் சாவி இடுப்பில். அவர் குளிக்கப் போனால் சாவியும் கூடவே குளித்தது.

"என் சான்றிதழை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"என் பேரு சரியா இருக்கான்னு பார்க்கத்தான்."

"இருக்கு. நான் பார்த்துட்டேன்."

"என் பேரை நான் பார்க்க வேணாமா?"

"பாரு. பார்த்தேன், திருப்பிக் குடுத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் பாரு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் பிடிவாதக்காரப் பிள்ளைகளையும் அதைவிடப் பிடிவாதக்காரப் பெற்றோர்களையும் சமாளிப்பவளுக்கு இந்த ஒரு ஆள் பெரிய விஷயமா? கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம் என்று இருந்தாள்.

அதற்குள் பூட்டின் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்கா என்றால் சும்மா அக்கா இல்லை. தாய் தகப்பன் போன பிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தம்பியை ஆளாக்கியவள். அவனைக் கரையேற்றுகிற அவசரத்தில் தனக்குக் கல்யாணம் என்று ஒன்று இருக்கிறதையே மறந்துபோனவள். அவளை ஊரில் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்தான் பூட்டு. பாஸ்போர்ட் இல்லாத மனிதன் எங்கே போக முடியும்? தலை நரைத்த அக்காவை இத்தனை வருஷமும் போன் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், சிரிக்கக் கூடாது" என்றாள் அக்கா. "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

பூட்டு சிரிக்கவில்லை. விக்கி விக்கி அழுதார்.

"அழாதேடா, கழுதை. என் பக்கம் நிக்க உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ வந்தாத்தான் பதிவு ஆபீசுக்கே கிளம்புவேன். நீ வரலைன்னா அவர் பாட்டுக்கு அவர் வீட்டுல, நான் பாட்டுக்கு என் வீட்டுல."

போனை வைத்ததும் பூட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு கர்ஜித்தார். "உடனே பாஸ்போர்ட் எடுக்கணும்!"

"எடுக்கலாமே. சான்றிதழை எடுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"அதைக் குடுத்தாத்தான் பாஸ்போர்ட் தருவாங்க. அசல்."

"நகல் போதாதா?"

"போதாது."

"அசலைத் தூரத்துலேருந்து காட்டினா?"

"ஏங்க, அது என்ன குழந்தையா, ஜன்னல்ல தூக்கிக் காட்டுறதுக்கு?"

பூட்டு கூண்டுப் புலி மாதிரி அறைக்குள் நடந்தார். அக்காவா, சபதமா? அக்காதான் ஜெயித்தாள். ஆனால் மனிதருக்கு எரிச்சல் தாங்கவில்லை. பூட்டி வைக்கிற பொருளைக் கொடுத்தால்தான் வெளியே போகிற காகிதம் தருவார்களாம்! இது எந்த ஊர் நியாயம்? அந்த எரிச்சலோடேயே போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். போட்டோவில் இடது கன்னம் மட்டும் உப்பியிருந்தது. கடைவாய்ப் பல். மாதக்கணக்காகத் தொந்தரவு.

"இந்தப் பல்லைப் பிடுங்கித் தொலைங்களேன். சாப்பிடும்போதும் முனகல், டிவி பார்க்கும்போதும் முனகல். எனக்குத்தான் காது வலிக்குது."

"அதுவா சரியாயிடும்."

"எப்போ? பல்லு ரிட்டயர் ஆகும்போதா?"

பூட்டுக்கு எத்தனையோ தைரியம் உண்டு, பல் டாக்டர் விஷயத்தில் மட்டும் கிடையாது. சில வருஷத்துக்கு முன்னால் தெருக்கோடி டாக்டரம்மாவின் நாற்காலி வரைக்கும் போயிருக்கிறார். மிஷின் 'ர்ர்ர்' என்றதும், "வண்டியைத் தப்பான இடத்துல நிறுத்திட்டேன், எடுத்து வச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனவர்தான். அவரிடம் வண்டியே கிடையாது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

அன்று சாயங்காலம் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார்கள். படிக்கப் படிக்க பூட்டின் கண் பிதுங்கியது. போட்டோவில் இருக்கிற ஆள் இவர்தான் என்று வேறொருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. இரண்டு வருஷமாவது பழக்கம் இருக்க வேண்டும். டாக்டர், வக்கீல், தலைமையாசிரியர் என்று பெரிய உத்தியோகத்தில் இருக்க வேண்டும்.

"என்ன அநியாயம் இது! நான் நான்தான்னு சொல்றதுக்கு இன்னொருத்தன் வேணுமா? எனக்குத் தெரியாதா?"

"நீங்க மட்டும் முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கலாமாக்கும்?"

"அது சரக்கு!"

"இங்க நீங்கதான் சரக்கு."

பூட்டு அடங்கினார். "சரி. உங்க தலைமையாசிரியையம்மாவுக்கு என்னை நல்லாத் தெரியுமே. அவங்ககிட்ட வாங்கிடு."

"அவங்க என் விண்ணப்பத்துல போட்டுட்டாங்களே" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "ஒரு வீட்டுக்கு ஒருத்தர் ஒரு கையெழுத்துதான் போடலாமாம். அதுதான் விதி."

விதி என்ற சொல்லைக் கேட்டதும் பூட்டின் முதுகு தானாக நிமிர்ந்தது. "நல்ல விதி. கிடங்குலேயும் இப்படி ஒண்ணு கொண்டுவரணும்." பிறகுதான் உறைத்தது. "அப்போ எனக்கு யாரு?"

"யாரைத் தெரியும்?"

பூட்டு யோசித்தார். தெரிந்த டாக்டர்? உடம்புக்கு வந்தால் அவர் கஷாயத்தோடு சரி. வக்கீல்? யார் வம்புக்கும் போனதில்லை. யோசனை தெருவெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் தெருக்கோடியில் போய் நின்றது.

"அவங்களைத் தவிர வேற யாருமே இல்லையா?" என்றார் ஈனசுரத்தில்.

"உங்க இஷ்டம். கல்யாணத்துக்கு வர முடியலைன்னு அக்காவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

மறுநாள் பூட்டு தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பல் மருத்துவமனைக்குள் நுழைந்தார். வரவேற்பில் இருந்த பெண், "உங்களுக்குத்தான் நேரம் ஒதுக்கியிருக்கு, உள்ள போங்க" என்றாள். என்ன ஒழுங்கு, என்ன சுறுசுறுப்பு என்று பூட்டு மெச்சிக்கொண்டார்.

"வாங்க வாங்க" என்றார் டாக்டரம்மா. "வண்டியை எடுத்து வச்சுட்டீங்களா?"

பூட்டு அசடு வழிந்தார். "டாக்டர், நான் பல்லுக்காக வரலை. கையெழுத்துக்காக வந்திருக்கேன்."

"தாராளமா. உட்காருங்க."

அந்த அறையில் உட்கார இருந்தது ஒரே நாற்காலி. அதுவும் அந்த நாற்காலி. நுனியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா போட்டோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இதுல எப்படிங்க கையெழுத்துப் போடுறது? கன்னம் வீங்கியிருக்கே."

"இப்பவும் வீங்கித்தானே இருக்கு? ஒத்துப்போகுதே!"

"இன்னிக்கு ஒத்துப்போகுது. நாளைக்கு வீக்கம் வடிஞ்சு போச்சுன்னா? ஏர்போர்ட்டுல 'இது வேற ஆளு'ன்னு நிறுத்தி வச்சுட்டா என்ன பண்ணுவீங்க? பாஸ்போர்ட்டை வருஷக்கணக்குல வச்சிருக்கணும். அத்தனை வருஷமும் இந்தப் பல்லை இப்படியே வீங்க வச்சுக்கிறேன்னு எழுதிக் குடுங்க, இப்பவே போட்டுடறேன்."

பூட்டுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் சரக்கும் சீட்டும் ஒத்துப்போக வேண்டும் என்று காலமெல்லாம் கத்துகிறவர் அவர்தானே. எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தார். அக்கா ஞாபகம் வந்தது. பதிவு ஆபீஸ் வாசலில் தனியாக நின்றுகொண்டு தெருவையே பார்க்கிற அக்கா.

கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தார்.

அந்தக் கொடுமையை விவரிக்க வேண்டாம். பல் வெளியே வந்தது. அது வரைக்கும் பையை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடலாம். வீக்கம் வடிந்ததும் புதுப் போட்டோ எடுத்தார், டாக்டரம்மாவும் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். வீட்டில் முனகல் நின்றது. மனைவி புதுசாக ஏதோ பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வேலை செய்தாள்.

விண்ணப்பம் கொடுக்கிற அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கவுண்டரில் ஒரு அம்மாள். பூட்டு சான்றிதழை நீட்டினார். அந்த அம்மாள் பிடித்தாள். பூட்டு விடவில்லை.

"சார், விடுங்க."

"திரும்பி வருமில்ல?"

"வரும்."

"ரசீது?"

"தர்றேன். முதல்ல விடுங்க, கிழிஞ்சுடும்!"

கிழிந்துவிடும் என்றதும் பட்டென்று விட்டுவிட்டார். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு விண்ணப்பங்களையும் புரட்டினாள். நெற்றி சுருங்கியது.

"மனைவிக்குத் தலைமையாசிரியை, உங்களுக்குப் பல் டாக்டரா? ஏங்க இப்படி ஆளுக்கொரு பக்கம் அலைஞ்சீங்க? அந்தத் தலைமையாசிரியையே ரெண்டு பேருக்கும் போட்டிருக்கலாமே?"

பூட்டு பெருமையாகச் சிரித்தார். "ஒரு வீட்டுக்கு ஒருத்தர் ஒரு கையெழுத்துதானேம்மா போடலாம்? உங்க விதி உங்களுக்கே தெரியாதா?"

"அப்படி ஒரு விதியா? நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேருந்து கேள்விப்பட்டதில்லையே!"

பூட்டு மெதுவாகத் திரும்பினார். மனைவி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என் பல்லு!"

"கத்தாதீங்க, எல்லாரும் பார்க்கிறாங்க. உங்கக்காகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன். 'பல்லு வலின்னு சொன்னா கேட்கமாட்டான், விதின்னு சொல்லு, பொட்டிப் பாம்பா அடங்கிடுவான்'னு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

"விதியே இல்லாத விதிக்கு ஒரு பல்லையே குடுத்திருக்கேனே!" பூட்டு நியாயம் கேட்கிற பாவனையில் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. இதெல்லாம் அடுக்குமா?"

அந்த அம்மாள் ரசீதில் முத்திரையைக் குத்தி அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவரைத் தாண்டி எட்டி மனைவியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அந்த டாக்டரம்மா விலாசம் கொஞ்சம் குடுங்களேன். எங்க வீட்டுக்காரரும் பாஸ்போர்ட் புதுப்பிக்கணும்னு சொல்லிட்டிருக்கார்."