மாடியிலிருந்து வந்த கேள்விகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமியாருக்கு இருமல் தேவலையா? நான் விசாரித்ததாகச் சொல். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்று கேட்பாள்.

விஷயம் இதுதான். நீ ஆசையாக அனுப்பிய கம்ப்யூட்டரை நீயே வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு உன் அக்கா வீட்டில் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? மாத்திரை அட்டை, சோப்பு உறை என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்தினாள். அதுவும் கிடைக்காத நாட்களில் என்னைத் திருத்தினாள். அப்போதுதான் ஒரு பதிப்பகம் வீட்டிலிருந்தே பிழை திருத்த ஆள் தேடியது. நேர்காணல் கம்ப்யூட்டர் வழியாக. வெகுநாள் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "மிஷின் சமாசாரத்தை நான் பாத்துக்கறேன், நீ பதிலை மட்டும் யோசி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் அது ஆமை மாதிரி நகர்ந்தது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். சரி, ரிப்பேர் கடையில் காட்டுவோம் என்று கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது மானிட்டர். முகத்தை மட்டும் கொண்டு வந்திருக்கீங்க. ஆள் வீட்லயே இருக்காரு" என்றாள். மேசைக்கு அடியில் உன் அக்கா கால் வைத்துக்கொள்கிற கறுப்புப் பெட்டிதான் கம்ப்யூட்டராம். மறுபடி பஸ் ஏறி அதையும் கொண்டுபோனேன். ரேம் போதவில்லை என்றாள். ஹார்டு டிஸ்க்கில்தான் இடம் நிறைய இருக்கிறதே என்று நான் விடவில்லை. "ஹார்டு டிஸ்க் பீரோ மாதிரி ஐயா, எல்லாத்தையும் உள்ள அடுக்கி வைக்கறது. ரேம்ங்கறது மேசை. மேசை சின்னதா இருந்தா எத்தனை காகிதத்தை விரிச்சு வச்சு வேலை பாப்பீங்க?" என்று கேட்டாள். மேசையைப் பெரிதாக்கி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தப் பீரோ பேச்சு இன்னொரு பக்கம் கெடுதலாகப் போயிற்று. வைஃபை தருகிற ரவுட்டர் தூசியில் கிடக்கிறதே என்று அதை இரும்பு பீரோவுக்குள் வைத்து, வயரைக் கதவிடுக்கில் விட்டுப் பூட்டிவிட்டேன். வைஃபை செத்துப்போயிற்று. இணைப்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, "காத்துல வர்ற அலை சார் அது, இரும்புக்குள்ள வச்சா எப்படி வெளிய வரும்?" என்றார். வெளியே எடுத்து உயரத்தில் வைத்தோம். திரை ஓரத்தில் வைஃபை காட்டுகிற கோடுகள் எல்லாம் நிறைந்தன. மறுநாள் பார்த்தால் கோடுகள் நிறைந்திருக்கின்றன, நெட் இல்லை. மறுபடி அவர் வந்தார். "வைஃபைங்கறது ரவுட்டரும் கம்ப்யூட்டரும் வீட்டுக்குள்ள பேசிக்கறது. நெட்டை வெளியிலேருந்து வாங்கிக் குடுக்கறது இந்த மோடம். இதோட பிளக்கைப் பிடுங்கினது யாரு?" இஸ்திரிப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று பிடுங்கியது நான்தான். யாரோ என்று சொல்லிவைத்தேன்.

நேர்காணல் நாள் வந்தது. மேசையில் ஸ்பீக்கர் வயர் குறுக்கே கிடப்பானேன், நீ அனுப்பிய ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு வயர் வேண்டாம், பெயரைத் தொட்டால் சேர்ந்துகொள்ளும். தொடப் போனால் ஒரே பெயர் இரண்டு இருந்தது. மேலே இருந்ததைத் தொட்டேன். சேர்ந்துவிட்டது. பதிப்பக அம்மா திரையில் வந்தார், உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அப்போது மாடிவீட்டுக்காரர் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, உங்களுக்கு எத்தனை வருஷம் அனுபவம்னு எங்க சமையலறையில ஒரு அம்மா கேக்கறாங்க." அவர் வீட்டிலும் அதே ஸ்பீக்கர். நான் சேர்த்தது அவருடையதை.

நான் கண்ட பட்டனையெல்லாம் அமுக்கிக்கொண்டிருக்க, உன் அக்கா அசரவில்லை. மைக் நம் பக்கம்தானே இருந்தது, கேமராவைப் பார்த்துப் பதில் சொன்னாள். மாடிவீட்டுக்காரர் உள்ளே ஓடி அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். இப்படியே நேர்காணல் நடந்தது. வல்லெழுத்து எங்கே இரட்டிக்கும் என்று இலக்கணத்தில் ஒரு கேள்வி. அவர் மூச்சு வாங்க வந்து, "வலி மிகும் இடம் எதுன்னு கேக்கறாங்க தங்கச்சி. உடம்புக்கு என்ன? சொல்லவே இல்லையே" என்றார். "இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின்னாடி அண்ணா" என்றாள் இவள். திரையில் அந்த அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை.

முடிந்ததும் உன் அக்கா என்னைத் திட்டவில்லை. நேரே போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். அந்தத் தெளிவு என் கையாலேயே போயிற்று தம்பி. அந்தப் பெட்டி கண்ணில் படுகிறபோதெல்லாம் அவளுக்கு அதுதானே நினைவு வரும்? ஆகவே சீக்கிரம் வா.

உன் குழந்தைகள் நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நூறு வயது சிரித்துக்கொண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பி.கு.: உறை தேடப் போன நேரத்தில் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். அன்று அவள் படுத்தது தலைவலியாலாம். வேலை கிடைத்த சேதி நேற்றே வந்துவிட்டதாம். எத்தனை கலவரத்திலும் வரி தவறாதவர்தான் வேண்டும் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறாராம். எனக்குத் தெரிந்தால் நான் உதவிக்கு வந்துவிடுவேன் என்றுதான் சொல்லவில்லையாம். நீ அவசியம் வா. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். அவளுக்கு வேலை பழகும்வரை என்னை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். என் துணிகளை எடுத்துவைத்தாயிற்று.