ரசமட்டத்தாரும் கருந்திரையும் பொருத பகல்

வாழ்க ரசமட்டத்தார்! மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்காமல் அலமாரி சுமந்த முதுகு வாழ்க! நூறு வீட்டுச் சமையலறைகளில் கதவு பொருத்தி, பொருத்திய கதவெல்லாம் ஒரு விரல் பட்ட மாத்திரத்தில் ஓசையின்றி வாய்மூடும் வண்ணம் செய்த விரற்படை வாழ்க! சுவரோ மேசையோ, தேநீர்க் கடைப் பெஞ்சோ, கோணலென்று எது கண்ணில் பட்டாலும் சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை உருவி அதன்மேல் கிடத்தி, கண்ணாடிக் குழாயுள் நீந்தும் குமிழி நட்டநடுவில் நிற்குமளவும் தானும் உட்காராது பிறரையும் உட்காரவிடாத பெருந்தகை! வேலையிடத்தார் வைத்த பட்டப்பெயரே பெயராகிப்போக, பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாய் வைத்திருக்கும் சீரியர் வாழ்க!

அவர் இடக்கை மணிக்கட்டைப் பாடாது அப்பால் போகலாமா? கருநிறத் தடித்த பட்டையொன்று அங்கே இறுகிக் கிடக்கும். அதன் வயிற்றுக்குள் காந்தம் பத்து. ஏணி உச்சியில் நிற்பவன் திருகாணியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கீழிருந்து யாரேனும் கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் விழித்த இருண்ட காலத்தை ஒழித்த காப்பு அது. அரையங்குலமும் முக்காலங்குலமும் ஒன்றரையங்குலமுமாய்த் திருகாணிகள் தேனடையில் தேனீபோல் அதில் மொய்த்துக் கிடக்கும். குளிக்கும்போது கழற்றுவார்; அதுவும் மனைவி இரண்டு தரம் சொன்னால்.

ஏணியில் நிற்பவனைத் தாங்கும் கடைசிப் படியே, நீ இந்தக் கதையையும் தாங்குவாயாக!

போர் மூண்ட காரணம் கேளீர். ரசமட்டத்தாரின் மனைவி ஒன்பது ஆண்டு ஓர் உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்தவர். உரித்த வெங்காயத்தைக் குவித்திருந்தால் குன்றாகியிருக்கும். வடித்த கண்ணீரைத் தேக்கியிருந்தால் அந்தக் குன்றைச் சுற்றி அகழி வெட்டியிருக்கலாம். அந்த அம்மையாருக்கு, நானூறு பேர் உண்ணும் மாணவர் விடுதியொன்றின் சமையலறை மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. நேரில் அல்ல, கணினியில். வியாழக்கிழமை, பிற்பகல் சரியாக மூன்று மணி. தவறினால் அடுத்த ஆள். அதற்கென்றே அக்காள் வீட்டிலிருந்து பழைய மடிக்கணினியொன்று துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல் கொண்டுவரப்பட்டது. காலையில் திறந்து பார்த்தார். திரை பளிச்சென்று சிரித்தது. பகலில் திறந்து பார்த்தார், அப்போதும் சிரித்தது.

இரண்டரைக்கு வீட்டுக்காரர் வந்தார்.

மனைவிக்குப் பெருநாள், தாம் பக்கத்தில் இல்லாமற் போவதா என்று அரைநாள் விடுப்பெடுத்து, மரத்தூள் படிந்த மீசையோடு மாடியேறி வந்த மாவீரர், சாப்பாட்டு மேசைமேல் இருந்த கருவியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றொரு கண்ணையும் மூடிப் பார்த்தார். பிறகு ஆணையிட்டார்:

“கேமரா கீழ இருக்கு. முகம் கோணலாத் தெரியும். ஒரு பலகை வச்சு மட்டம் பண்ணிட்டா, மேடை மாதிரி நிக்கும்.”

“ஒண்ணும் வேணாங்க. நல்லாத்தான் இருக்கு. தொடாதீங்க,” என்றார் அம்மையார்.

தொட்டார். பலகையைச் செருகினார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவுக்கு வருகிறதா என்று பார்ப்பதற்காக, விசைப்பலகையின் இடப்பக்கத்து ஓரத்தில் தம் இடக்கையை ஊன்றிக் குனிந்தார். குனிந்த அக்கணத்தில், அந்தோ! திரை இருண்டது. கிரகணம் விழுங்கிய கதிரோன்போல, மை கொட்டிய பக்கம்போல, மின்சாரம் போன தெருப்போல, ஒரு புள்ளி வெளிச்சமுமின்றி இருண்டது.

“என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணுமே பண்ணலையே. மட்டம்தானே பாத்தேன்.”

விசித்திரம் யாதெனில், எதிரி சாகவில்லை. பொத்தானருகே சிறுவிளக்கு எரிந்தது. உள்ளே விசிறி உறுமிற்று. அடிவயிறு சுட்டது. உயிர் உண்டு, உடல் உண்டு, மூச்சு உண்டு. முகம் மட்டும் இல்லை. முகத்தைக் காட்டாமல் மூச்சை மட்டும் விடுகிற பகைவனோடு மோதுவது எப்படியென்று எந்தப் போர்நூலும் சொல்லவில்லை. மணி இரண்டு முப்பத்தெட்டு.

முதற்போர் மின்வடத்தோடு நடந்தது. பிடுங்கினார், செருகினார். சுவரில் பிடுங்கிச் சுவரில் செருகினார். கருவியில் பிடுங்கிக் கருவியில் செருகினார். ஊதிச் செருகினார், சட்டை நுனியால் துடைத்துச் செருகினார். இத்தனைக்கும் இடக்கை இடப்பக்க ஓரத்தை விட்டு அசையவில்லை. ஓடப் பார்க்கும் குதிரையைப் பிடித்திருப்பவன் பிடிபோல் அது அங்கேயே அழுந்தியிருந்தது. திரை இம்மியும் இளகவில்லை.

இரண்டாம் போர் பொத்தானோடு நடந்தது. முப்பது எண்ணும்வரை அழுத்த வேண்டுமென்று எங்கோ கேட்டிருந்தார். உரத்து எண்ணினார். பதினேழில் இருமல் வந்தது. விட்ட இடத்திலிருந்து எண்ணினால் கணக்காகாது என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். முப்பதாம் எண்ணில் எதிரி மூச்சடங்கிற்று. மறுபடி அழுத்த, ‘டிங்’ என்றொரு இனிய நாதத்தோடு விளக்கெரிந்து விசிறி சுழன்று எழுந்து, முன்னைக் கருமையையே காட்டி நின்றது. ஏளனச் சிரிப்புக்கு ஒலி இருக்குமானால் அது அந்த ‘டிங்’தான்.

மூன்றாம் போரில் சூரியன் படம் போட்ட விசையை நாற்பது முறை குத்தினார். சூரியன் உதிக்கவில்லை.

அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். ஒன்பதாண்டு வெங்காயத்துக்கும் கலங்கிப் பழகிய கண்கள் அப்போது கலங்கவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. “தம்பியக் கூப்பிடுறேன்,” என்றார்.

தம்பி என்பவர் கைப்பேசிக்கு உறை விற்பவர். உறைக்கு உள்ளே இருப்பது குறித்தும் அவருக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தார் நம்பினர். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. அடுத்த தெருவிலிருந்து அம்பெனப் புறப்பட்ட அவர், இரண்டு ஐம்பதுக்குக் கீழ்வாசலில் நின்று, “மாமா, கதவு பூட்டியிருக்கு!” என்று முழங்கினார். மாமனார் மகனின் குரல் கேட்ட மாவீரர் சாவியோடு மூன்று மாடி இறங்கினார்.

அவர் முதல் மாடியைத் தொட்டிருப்பார். மேலே பொழுது விடிந்தது! திரை மலர்ந்தது! அம்மையார் அலறவில்லை, கைகூப்பவில்லை. கடவுச்சொல்லைத் தட்டினார், அழைப்பு வந்த இடத்தை அழுத்தினார். ‘காத்திருங்கள், விரைவில் உங்களை அனுமதிப்பார்கள்’ என்ற எழுத்து எழுந்தது. அதற்குப் பிறகுதான் அலறினார்: “வந்துருச்சுங்க! வந்துருச்சு!”

வந்தது கேட்டு வந்தார் வீரர், இரண்டிரண்டு படியாய்த் தாவி. பின்னால் மைத்துனர், ஒவ்வொரு படியாய். “எங்க, எங்க காட்டு,” என்று இடக்கையை வழக்கமான இடத்தில் ஊன்றிக் குனிந்தார்.

இருட்டு.

ரசமட்டத்தார் மெல்லத் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மைத்துனரை நோக்கினார். “உன் தம்பி உள்ள காலடி வச்சான். போச்சு,” என்று மனைவியிடம் தீர்ப்புரைத்தார்.

“மாமா, நான் இன்னும் செருப்பே கழட்டல!”

“செருப்போட வச்சதுதான் போலிருக்கு.”

அவமானம் அடைந்த மைத்துனர் தம் கைப்பேசி விளக்கை ஏற்றி, திரைமேல் சாய்த்துப் பிடித்து, கிணற்றில் விழுந்த குடத்தைத் தேடுவார்போல் உற்று நோக்கினார். “அக்கா, படம் உள்ளதான் இருக்கு. மங்கலாத் தெரியுது. வெளிச்சம்தான் இல்ல. பேக்லைட் போயிருச்சு.” நோயின் பெயர் தெரிந்தது; மருந்து தெரியவில்லை. “கடையில குடுத்தா நாலு நாள் ஆகும்,” என்றார் பெருமையோடு.

“அஞ்சு நிமிஷந்தான்டா இருக்கு,” என்றார் அம்மையார்.

அது கேட்டுப் பொங்கினார் ரசமட்டத்தார். மீசை துடித்தது; மரத்தூள் உதிர்ந்தது. வலக்கையில் திருப்புளியை ஏந்தினார். கருவியை ஒரு பக்கமாய் உயர்த்தி, அடிப்பாகத்துத் திருகாணி ஒன்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கழற்றினார். கழன்ற சிற்றாணி தானாகவே துள்ளிப்போய் அவர் மணிக்கட்டுப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. பகைவனின் சேவகன் கட்சி மாறியதைக் கண்ட வேந்தன்போல் அவர் மகிழ்ந்தார். அம்மையார் திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டார். ஆயுதம் இழந்தவர்க்குச் சொல்லே ஆயுதம். இடக்கையை அதே ஓரத்தில் ஊன்றி, கருந்திரையின் முன் மூக்கு முட்டுமளவு முகத்தை வைத்து, நாசித்துளை இரண்டும் குகையென விரிய, அறைகூவினார்:

“ஏ கருமூஞ்சி! ஒழுங்கா வெளிய வா! எத்தனை பிடிவாதக் கதவை நான் வழிக்குக் கொண்டாந்திருக்கேன் தெரியுமா? நீ என்ன, உன் தாத்தா கதவே எங்கிட்ட வாயை மூடியிருக்கு! என் பொண்டாட்டி வெங்காயம் உரிச்சது போதும். அவ அந்த வேலைக்குப் போயே ஆகணும். வரப்போறியா, இல்ல உன் முதுகுத் தோலை உரிக்கவா?”

கருமைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அமைதியாக வந்தது.

“வணக்கம் சார். எனக்கு உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது. அந்த அம்மா இருக்காங்களா?”

இடியோசை கேட்ட நாகம் அப்படி ஒடுங்கியதில்லை. திரைதான் இருண்டதே தவிரக் கேமராவுக்குக் கண் இருந்தது, ஒலிவாங்கிக்குக் காது இருந்தது. விடுதி நிர்வாகி அம்மாள் சில நிமிடத்துக்கு முன்பே இவர்களை உள்ளே அனுமதித்துவிட்டு, செருப்பு வழக்கும் திருப்புளிப் பறிப்பும் கண்டுகொண்டிருந்தார்.

அம்மையார் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். முகம் தெரியாத கருமையை நேராகப் பார்த்து, “இருக்கேன் மேடம். எனக்கு இங்க ஒண்ணும் தெரியல. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்,” என்றார்.

வலப்புறம் மைத்துனர் விளக்கு பிடித்து நின்றார். இடப்புறம் ரசமட்டத்தார், பலகை நழுவாதிருக்க இடக்கையால் தாங்கி நின்றார். இருவரும் மாறி மாறி, சைகையாலும் கிசுகிசுப்பாலும், “அந்த விசையை அமுக்கு”, “வேணாம், இதை அமுக்கு” என்று ஓதினர்.

நிர்வாகி ஒரே கேள்வி கேட்டார். “நானூறு பிள்ளைங்க தட்டோட வரிசையில நிக்கிறாங்க. மணி பன்னிரண்டரை. அடுப்பு பத்தல. என்ன செய்வீங்க?”

ஒன்பதாண்டு பின்கட்டு அந்த ஒரு நொடியில் அம்மையாரின் நாவில் வந்து நின்றது. ஆனால் அவர் பார்வை பின்கட்டுக்குப் போகவில்லை. வலப்புறம் பார்த்தது, இடப்புறம் பார்த்தது.

“முதல்ல, மேடம், அடுப்பைச் சுத்தி நின்னு ஆளாளுக்கு யோசனை சொல்றவங்களை வெளிய அனுப்புவேன். கூட்டம் விலகினாத்தான் கோளாறு எங்கன்னு கண்ணுக்குத் தெரியும். அப்புறம் எது சூடாகாமலே பரிமாறலாமோ அதை வரிசைக்கு அனுப்புவேன். பிள்ளைங்க கைல ஏதாவது இருந்தா சத்தம் போடாது. அதுக்கப்புறம் அடுப்பைப் பாப்பேன்.” சொல்லியபடியே கையை நீட்டி வாசலைக் காட்டினார். “என்னங்க. நீங்களுந்தான். போங்க.”

நூறு வீட்டுக் கதவுகளை அடக்கியவர் தம் வீட்டுக் கதவு வழியே வெளியேறினார். தலை கவிழ்ந்து, மைத்துனன் பின்தொடர, மாடிப்படியில் போய் அமர்ந்தார். தோற்ற சேனையின் கொடிபோல் அவர் தோளில் துண்டு தொங்கியது.

உள்ளே விடிந்தது. அம்மையாரின் எதிரே, மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு நடுவயது முகம் ஒளியாய் எழுந்து புன்னகை பூத்தது. “இப்ப என்னைத் தெரியுதா?” என்றது.

“தெரியுது மேடம்,” என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கிற்று.

இருபது நிமிடம் பேசினார்கள். திரை ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. படியில் அமர்ந்தவர்களுக்கு அத்தனை யுகமும் குரல் மட்டுமே கேட்டது. ரசமட்டத்தார் படியில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், படி கோணல் என்று தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் நிர்வாகியின் குரல் உரக்கவே வந்தது: “திங்கட்கிழமை வந்து சேந்துருங்க. அந்த மூக்கை மட்டும் கூட்டிட்டு வராதீங்க.”

வெற்றி முரசு கொட்டாமலே கேட்டது அவருக்கு. பாய்ந்து உள்ளே வந்தார், கண்ணீர் மறைக்க, “திரை வந்துச்சா? எப்படி வந்துச்சு?” என்று இடக்கையை ஊன்றிக் குனிந்தார். இருண்டது. நிமிர்ந்தார், விடிந்தது. குனிந்தார், இருண்டது. அம்மையார் திரையைப் பார்ப்பதை விட்டு அந்தக் கையைப் பார்த்தார். அடிப்பாகத்துச் சிற்றாணி அதில் இன்னும் பெருமையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அந்தக் காப்பைக் கழட்டுங்க.”

“இதுல என்ன—”

“கழட்டுங்க.”

கழற்றினார். வெறுங்கையை ஊன்றினார். திரை பட்டப்பகலாய் எரிந்தது. பட்டையை எடுத்து ஓரத்தில் வைத்தார் மைத்துனர்; அணைந்தது. “மாமா! மூடியில ஒரு காந்தம் இருக்கும். அது கிட்ட வந்தா மூடியாச்சுன்னு நெனச்சு வெளிச்சத்தை அணைச்சுக்கும். உங்க கையை மூடின்னு நெனச்சிருக்கு!” என்று கூவி, இத்தனை நாள் எல்லாம் தெரிந்தவர் வேடம் போட்டதற்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்த களிப்பில் ஒரு நாற்காலியில் சாய்ந்து விழுந்தார். “என் செருப்பு மேல பழி போட்டீங்களே!”

எதிரியைத் தேடி மின்வடமெல்லாம் துழாவிய மன்னவர், எதிரி தம் நாடியின்மேலேயே அமர்ந்து திருகாணி சுமந்துகொண்டிருந்ததை நெடுநேரம் நோக்கினார். சிற்றாணியைப் பிடுங்கி, அது இருந்த குழியிலேயே திரும்பத் திருகி, கருவியை மெல்லத் துண்டில் சுற்றினார்.

அப்புறம் பட்டையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, மூணு பேருக்கும் டீ போட்டார்.