நாகராசாவின் கோட்டைக்குப் போன படகு

மற்றவர்களைப் பயமுறுத்த ஆசைப்படுகிறவனுக்கு முதலில் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. (பிறந்தது திருகோணமலையில். வெளியில் சொல்லாதீர்கள்.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சனிக்கிழமைகளில் நானும் நிசாரும் தர்சினியும் ஒரு கற்பனை விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ சூனியக்காரியாகவோ அதற்குள் அலைவார்கள். யார் பிழைப்பது, யார் சாவது என்பதைத் தாயக்கட்டை முடிவுசெய்யும்.

நடத்துகிறவன் நான். கதை நடக்கும் நாடு, லண்டன் மாமா தந்த பழைய புத்தகத்தில் இருந்தது. அங்கே ஆட்சி செய்த பாம்பு அரசனுக்கு நாகராசா என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். புத்தகத்தில் இருந்த பழைய விதிப்படி அந்த நாட்டில் தவறான கதவைத் திறந்தாலே ஆள் முடிந்தான். நாங்கள் விளையாடியதோ பின்னால் வந்த புது விதிகளில். அவை இரக்கமுள்ளவை, விழுந்தவனுக்கு எழும்ப மூன்று வாய்ப்புத் தரும். மாரிகாலம் முழுவதும் குந்தியிருந்து ஒவ்வொரு பூதத்தையும் புது விதிக்கு மாற்றினேன்.

முதல் நாளே கோட்டைக் காவல் பூதத்தைத் தர்சினி கொட்டாவி விட்டபடி கொன்றாள்.

“உங்கட நாட்டில பயமே வரேல்லையே,” என்றாள்.

(அவளை நான் விரும்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கொட்டாவி எனக்கு எப்படி இருந்திருக்கும்!)

விதியால் வராத பயத்தைக் கடலால் வரவழைப்பது என்று தீர்மானித்தேன். கிண்ணியாவில் நிசாரின் வாப்பாவுக்கு மீன்பிடிப் படகு இருந்தது.

“வாப்பாட்ட கேக்க ஏலாது மச்சான். கேட்டாத் தரமாட்டார்,” என்ற நிசார், கேட்காமலே கொண்டுவந்தான்.

அன்று பின்னேரம் துறைமுகத்தின் நடுவில் எஞ்சினை நிறுத்தி, கறுப்புப் போர்வையைப் போர்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கதையைத் தொடங்கினேன். தர்சினி கொட்டாவி விடவில்லை. எனக்குள் ஒரே பெருமை. அதற்குள் காற்று எழும்பியது. நிசார் எஞ்சின் கயிற்றை இழுத்தான். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தான். கயிறு அறுந்து கையோடு வந்தது.

படகு சீனன்குடாப் பக்கம், யாரும் போகக்கூடாத படைமுகாம் கரையை நோக்கித் தானாக நகர்ந்தது. ஓர் அலை உள்ளே விழுந்தது.

“நீங்களும் தண்ணி இறையுங்கோவன்!” என்று வாளியோடு கத்தினாள் தர்சினி.

படகின் விளிம்பை விட்டுக் கையை எடுக்க என்னால் ஏலவில்லை. இங்கே எழும்ப இரண்டாவது வாய்ப்புக்கூடக் கிடையாது என்பது மட்டும் தெளிவாக விளங்கியது.

கடற்படையின் ரோந்துப் படகு வந்தது, துப்பாக்கிகளோடு.

“யாரு தலைவர்?” என்று கேட்டார் அதிகாரி.

“இவர்தான் எல்லாத்தையும் நடத்துறவர், சேர்,” என்றான் நிசார், உண்மை விளம்பி.

“எங்க போறது?”

என் வாய் என் சொல்லைக் கேட்கவில்லை. “நாகராசாவின்ர கோட்டைக்கு, சேர்.”

அதிகாரி கரையைப் பார்த்தார். என் போர்வையைப் பார்த்தார். ஒரு துப்பாக்கி சற்று உயர்ந்தது. நான் “அம்மா!” என்று ஓவென அழத் தொடங்கினேன். தர்சினி சிங்களத்தில் என்னவோ விளக்கினாள். அதிகாரி என் முகத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு கயிறு எறியச் சொன்னார்.

எங்களைக் கிண்ணியாக் கரைக்கு இழுத்து வந்தார்கள். ஊரே கூடி நின்றது. நிசாரின் வாப்பா மகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்தார்.

“தம்பி, ஒருத்தர்ட்டயும் மிதவை அங்கி இல்ல. மவுத்தாப் போயிருந்தா உங்கட அம்மாட்ட நான் என்னண்டு சொல்லுற?”

அன்றைய பயங்களில் இன்னும் என்னை விட்டுப் போகாதது அந்தக் கேள்விதான்.

பிறகு தர்சினி என்னையே கட்டினாள். (ஏன் என்று கேட்க இன்றுவரை துணியவில்லை.) கலியாணத்துக்கு வந்த வாப்பா பரிசுப் பெட்டியை மேடையிலேயே திறக்க வைத்தார். உள்ளே செம்மஞ்சள் மிதவை அங்கிகள் இரண்டு. கூறைச் சேலைக்கும் பட்டு வேட்டிக்கும் மேலால் அவற்றைப் போட்டுக்கொண்டு நின்ற படம்தான் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு மகள் அதைக் காட்டி, “அப்பா கலியாணம் கட்டப் பயந்துதான் இதைப் போட்டவர்,” என்கிறாள்.

தர்சினியும் ஓம் என்று தலையாட்டுகிறாள்.