இந்த வரியை நீக்கக் கூடாது

இனி யாருக்கும் எதையும் சும்மா கொடுப்பதில்லை என்று சிவபாலன் சபதம் எடுத்தபோது, அவன் கையில் மனைவி தமிழரசி சும்மா கொடுத்த காபி இருந்தது.

சபதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தருமபுரத்தில் வீடு, காரைக்காலில் அரசாங்க எழுத்தர் வேலை, இவை போக அவனுக்கு இன்னொரு உலகமும் இருந்தது. அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். தமிழர்களில் பாதிப் பேர் வலைப்பூ எழுதினார்கள், மீதிப் பேர் பின்னூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். சிவபாலன் இரண்டிலும் சேராதவன். எழுதுகிறவர்களின் பக்கங்களுக்குச் சட்டை தைத்துப் போடுகிறவன். அந்தச் சட்டைக்கு டெம்ப்ளேட் என்று பெயர். மேலே கடல், ஓரத்தில் தென்னை, எழுத்துக்குப் பின்னால் இளம்பச்சை என்று நாற்பத்தொரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தான். எல்லாம் இலவசம். பதிலுக்கு அவன் கேட்டதெல்லாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி.

"வடிவமைப்பு: சிவபாலன், காரைக்கால். இலவசம். இந்த வரியை நீக்கக் கூடாது."

விரும்புகிறவர்கள் அன்பளிப்பு அனுப்பலாம் என்றும் சொல்லியிருந்தான். மூன்று வருஷத்தில் வந்தது ஓர் அரிசி மண்டிக் காலண்டர். அதுவும் மார்ச் மாதத்தில்.

காலண்டரைக்கூடப் பொறுத்துக்கொண்டான். 'மண்சட்டி'யைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. மண்சட்டி ஒரு சமையல் வலைப்பூ. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். அது போட்டிருப்பது சிவபாலனின் முப்பத்தேழாவது சட்டை. அடியில் அந்த வரியை மட்டும் காணோம்.

"பாத்தியா தமிழு! என் பேரை வழிச்சு எடுத்துட்டான்!"

"யாருங்க?"

"எவனோ மண்சட்டியாம். வெவரமான ஆம்பளை. உள்ள பூந்து எடுத்தாத்தான் அந்த வரி போவும்."

"ஆம்பளைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? சமையக்கட்டுல கெடக்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

தமிழரசி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"விடாதீங்க. நியாயத்தைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கட்டிய மனைவியே தூண்டிவிட்ட பிறகு எந்தப் புருஷன் சும்மா இருப்பான்? அன்று மாலையே மின்னஞ்சல் பறந்தது.

"ஐயா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா? என் பெயரைப் போடவும். இல்லையேல் நியாயமான ஊதியம் தரவும்."

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதில் வந்திருந்தது.

"இலவசமாகக் கொடுத்ததற்கு ஊதியம் உண்டா? தெரியாமல்தான் கேட்கிறேன்."

"இலவசம் என்றால் உழைப்பு இல்லை என்றா அர்த்தம்? முதுகொடியச் செய்கிறேன். செய்தவன் பெயரையாவது சொல்ல வேண்டாமா?"

"வேண்டும்தான். இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொருந்துமா?"

"தாராளமாக!" என்று எழுதினான் சிவபாலன். ஆளை மடக்கிவிட்டோம் என்று அவனுக்கு ஒரே பெருமை.

கடைசியாக ஒரு பதில் வந்தது. "பேசித் தீர்ப்போம். ஞாயிறு பகல் ஒரு மணி. சாட்சிக்கு ஒருவரை அழைத்து வரவும்." கீழே முகவரி. தருமபுரம், சிவபாலனின் தெருவேதான். பழைய கதவு எண் 63.

"நம்ம தெருவுலயே ஒளிஞ்சிருக்கான் பாரு! பழைய அறுபத்திமூணு எது தமிழு?"

"சமையக்கட்டுல கெடக்கிறவளுக்கு எங்கங்க தெரியும்? போயி விசாரிங்க."

சாட்சிக்குத் தலைமை எழுத்தர் கைலாசநாதனைப் பிடித்தான். அவருக்குச் சிவபாலன் மேல் தனி மரியாதை. அதற்குக் காரணம் எறாக் குழம்பு. போன வருஷம் ஒரு மதியம், சிவபாலனின் டிபன் கேரியரில் இருந்து ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டவர் கண்ணை மூடிக்கொண்டு, "யாருய்யா வச்சது?" என்றார். சிவபாலனின் வாய் "நாந்தான் சார்" என்று சொல்லிவிட்டது. ஏன் சொன்னது என்று அவனுக்கே இன்றுவரை விளங்கவில்லை. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். "புளியை ரொம்பக் கரைக்கப்படாது சார்" என்று கைப்பக்குவம் வேறு சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் தெருவை மூன்று தடவை அளந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்த உம்மு சல்மாவிடம் கடைசியில் சிவபாலன் கேட்டே விட்டான்.

"பழைய அறுபத்திமூணு எதுங்க?"

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அல்லாவே! அது உங்க வூடுதானே? வரி ரசீதுல அந்த நம்பர்தானே போட்டிருக்கும்?" என்றவள், ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க எப்ப வரி கட்டுனீங்க, பாவம். வருசா வருசம் என்கூட வந்து கட்டுறது தமிழரசியில்ல!"

உறுமிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தானாகவே நின்றுவிட்டது.

வீட்டில் இரண்டு இலை போட்டிருந்தது. "வாங்க சார், ஒக்காருங்க. மண்சட்டி நாந்தான்" என்றாள் தமிழரசி.

கைலாசநாதன் முதல் கவளத்திலேயே கண்ணை மூடினார். "சிவபாலா, அச்சு அசல் நீ வைக்கிற குழம்பு மாதிரியே இருக்கேய்யா!"

"இவரு வைக்கிற குழம்பா?" தமிழரசி கரண்டியோடு அப்படியே நின்றாள். "எந்த அடுப்புலங்க வச்சீங்க?"

சிவபாலன் இலையைப் பார்த்தான். இலையில் பதில் இல்லை, எறாதான் இருந்தது.

"அது போவட்டும்" என்று பேச்சை மாற்றினான். "நீ எப்படி அந்த வரியை எடுத்தே?"

"மூணு வருசமா காபி கொண்டாந்தப்பல்லாம் பாடம் எடுத்தீங்களே. நான் என்ன செவுடா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "பேரு போனப்ப எப்படிங்க இருந்துச்சு?"

"வயிறு எரிஞ்சுது."

"எனக்கும் அப்படித்தாங்க எரிஞ்சுது. அம்பகரத்தூர் கோயில்ல சார் வீட்டு அக்கா வந்து, 'ஒன் வீட்டுக்காரரு வைக்கிற எறாக் குழம்பு பிரமாதமாமே, நீ குடுத்து வச்சவ'ன்னாங்க. சன்னதியில நின்னுக்கிட்டு ஆமான்னு தலையாட்டிட்டு வந்தேன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் சிவபாலன் தாங்கியிருப்பான். தலையாட்டிவிட்டு வந்தேன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

தமிழரசி கணினியைத் திறந்து சாட்சியிடம் காட்டினாள். கைலாசநாதன் இடது கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "செய்தவன் பெயரையாவது சொல்ல வேண்டாமா... எல்லோருக்கும் பொருந்துமா... தாராளமாக! நீதானேய்யா எழுதுனது?"

"நாந்தான் சார்."

"இதையாச்சும் நீதான் செஞ்சியா?" என்று கேட்டுவிட்டு அவர் இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் மண்சட்டியின் அடியில் சிவபாலனின் வரி பழையபடி வந்து உட்கார்ந்தது. தமிழரசி சொன்ன சொல் தவறாதவள். சிவபாலனுக்கும் நிம்மதியாக இருந்தது, திங்கட்கிழமை மதியம் வரைக்கும்.

அலுவலகமே கூடியிருக்க டிபன் கேரியரை எடுத்து வைத்தான். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான், வரவில்லை.

"என்னமோ எழுதியிருக்கே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிய்யா" என்றார் கைலாசநாதன்.

சிவபாலன் படித்தான்.

"சமையல்: தமிழரசி, பழைய எண் 63, தருமபுரம். இலவசம். இந்த வரியை நீக்கக் கூடாது."